என் கையிலுள்ள செம்பருத்தி: சிவப்பு டாட்டூவோடு நாலு வருஷம்

வலது முன்கையில் ஒரு செம்பருத்தி. காம்பு, இலை, ஓரக்கோடு எல்லாம் கறுப்பு. இதழ் ஐந்தும் சிவப்பு. கண்ணை மூடி விரலால் தடவினாலே எது கறுப்பு, எது சிவப்பு என்று சொல்லிவிடுவேன். கறுப்பு உள்ள இடம் வெறும் தோல் மாதிரிதான் இருக்கிறது. சிவப்பு உள்ள இடம் மட்டும் பொரித்த அப்பளம் போல மேடும் பள்ளமுமாக இருக்கிறது.

குத்திக்கொண்டது 2021 நவம்பரில், பாந்த்ராவில். மும்பை மழைக்காலத்தில் புதுப் புண்ணோடு லோக்கல் ரயிலில் இடிபட வேண்டாமென்று காத்திருந்து போனேன். உள்ளங்கை அளவுப் பூவுக்கு மூன்று மணி நேரம், ஒன்பதாயிரம் ரூபாய். குத்திவிட்ட பையன் சுத்தமானவன். புது ஊசியை என் கண் முன்னாலேயே பிரித்தான், இரண்டு தடவை கையுறை மாற்றினான். “உங்க மாநிறத்துக்கு சிவப்பு பளிச்சுன்னு நிக்காது, கொஞ்ச நாள்ல செங்கல் கலருக்கு வந்துடும்” என்று ஹிந்தியில் முன்கூட்டியே சொல்லவும் செய்தான். அவன் மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

தாராவி வீட்டுக்குப் போய்க் காட்டியபோது அம்மா கேட்டது இதுதான்: “ஏளா, பச்ச குத்தப் போறேன்னுதானே சொன்ன? இது செவப்பால்லா இருக்கு!” பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி தன் கையை நீட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கம் குறத்தி குத்திவிட்ட கோலம். விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்துக் குத்தியது, இப்போது மங்கி நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. “ஒரு நாளு கூட அரிக்கல, பாத்துக்கோ” என்றாள். அன்றைக்கு அதைப் பெருமைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். இன்றைய கறுப்பு மையும் பெரும்பாலும் அதே கரிதான். கறுப்பு அவ்வளவாக வம்பு செய்வதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் இரண்டரை வருஷம் சொர்க்கம். சிவப்பு ஆறுவதற்குக் கறுப்பைவிட ஒரு வாரம் கூடப் பிடித்தது, பொருக்கும் தடிமனாக இருந்தது, அவ்வளவுதான். ஹார்பர் லைன் ரயிலின் லேடீஸ் பெட்டியில் முன்பின் தெரியாத பெண்கள்கூட என் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். “ஜாஸ்வந்த் நா?” மராத்தியில் செம்பருத்திக்கு அதுதான் பெயர், கணபதிக்குப் பிடித்த பூ. எனக்கு அது ஆச்சி வீட்டுக் கிணற்றடிச் செடி, அவர்களுக்குப் பிள்ளையார் பூ. வெறும் கறுப்பில் இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2024 மே மாதம் அரிக்கத் தொடங்கியது. வேர்க்குரு என்று நினைத்து பவுடர் போட்டேன். பிறகு மருந்துக் கடையில் கேட்டு, எல்லா அரிப்புக்கும் கொடுக்கிற, ஸ்டீராய்டு கலந்த அந்த ஆயின்மென்டை இரண்டு மாதம் தடவினேன் (நம் ஊரில் பல பேருக்குத் தோல் நோய் மோசமாவது அந்த டியூபால்தான்). போட்டால் அடங்கும், விட்டால் எழும்பும். வெயில் பட்டால் சுருக் சுருக்கென்று குத்தும். ஒரு நாள் குளிக்கும்போதுதான் கவனித்தேன், தடிப்பு இதழின் ஓரக்கோட்டோடு கத்தரித்த மாதிரி நின்றிருந்தது. இலையில் ஒரு புள்ளி கூட இல்லை.

தோல் டாக்டர் பார்த்த உடனே, “சிவப்பு மட்டும்தானே?” என்றார். நாலு மில்லிமீட்டர் தோல் துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். கிருமித் தொற்று இல்லை, சாயத்துக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. டாட்டூ நிறங்களில் அதிகம் ஒவ்வாமை தருவது சிவப்புதானாம். முதல் சில நாளில் சீழ், காய்ச்சல் என்று வந்தால் அது தொற்றாக இருக்கும். இந்த ஒவ்வாமை மாதக்கணக்கில், சில பேருக்கு வருஷக்கணக்கில் கழித்துக்கூட வரும்.

அந்தக் காலத்துச் சிவப்பு மையில் நம் சித்த வைத்தியர்கள் லிங்கம் என்று சொல்லும் பாதரச சல்ஃபைடு இருந்தது. இப்போது வருவது பெரும்பாலும் அசோ என்ற வகைச் செயற்கைச் சாயங்கள், பெயின்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்று செய்தவை. வெயிலிலும் லேசரிலும் அவை உடைந்து வேறு வேதிப்பொருள்களாக மாறும். அதனால்தான் “லேசர்ல எடுத்துடலாமா?” என்று கேட்டபோது டாக்டர் மறுத்துவிட்டார். சாயம் உடைந்து ரத்தத்தில் கலந்தால் கையில் நிற்கிற ஒவ்வாமை உடம்பு முழுக்கக் கிளம்பலாம். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டும் எனக்குச் செய்தார்கள், ஒன்றும் காட்டவில்லை. வம்பு செய்யும் பொருள் தோலுக்குள் போன பிறகே உருவாகிறது போலிருக்கிறது, இந்த டெஸ்ட் பல பேருக்கு இப்படித்தான் ஏமாற்றும் என்றார்.

முதலில் வீரியமான ஸ்டீராய்டு கிரீம். அது போதாமல், இதழுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி, ஐந்து வாரத்துக்கு ஒன்றாக நாலு தடவை. குத்திக்கொண்ட அன்றைக்கு இருந்த வலியைவிட இது அதிகம், பொய் சொல்ல மாட்டேன். மேடு நன்றாக அமர்ந்தது, அரிப்பும் போயிற்று. ஆனால் ஒரு இதழ் பள்ளம் விழுந்து வெளுத்துவிட்டது. அடுத்த கோடையில் இரண்டு இதழ் மறுபடி தலைதூக்கின. மிச்சமிருக்கும் வழி, சிவப்புள்ள தோலைச் சீவி எடுப்பது. காது குத்தின இடத்திலேயே கெலாய்டு (தடித்து வளரும் தழும்பு) வந்த உடம்பு என்னுடையது, அதற்குத் துணிச்சல் இல்லை. மேலே கறுப்பால் மூடிவிடச் சொன்ன தோழிகளுக்கும் பதில் இதுதான்: மூடினால் சிவப்பு மறையும், தோலுக்குள் இருக்கத்தான் செய்யும்.

சித்தி மகள் போன மாதம் ஒரு ரோஜாப் படத்தோடு வந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்த அழகு எனக்குத் தெரியும். மை பாட்டிலைக் கையில் வாங்கிப் பார் என்றேன். என் பாட்டிலில் செர்ரி மாதிரி ஏதோ அழகான பெயர் மட்டும்தான் இருந்ததாக ஞாபகம். சாயத்தின் எண்ணைக் கேட்கத் தோன்றவில்லை. பிக்மென்ட் ரெட் 22, 170, 210 என்று இருந்தால் எழுந்து வந்துவிடு, ஒவ்வாமைக் கேஸ்களில் அடிக்கடி அடிபடும் எண்கள் அவை. ஐரோப்பாவில் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மைக்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது, அதற்கு ஒத்துவருகிற மை என்று எழுதியிருக்கிறதா பார். அப்படியிருந்தாலும் வராது என்று உத்தரவாதம் இல்லை. சின்னதாக ஒரு புள்ளி வைத்து ஒரு மாதம் பார்க்கிறேன் என்றாள். எனக்கு முப்பது மாதம் கழித்து வந்ததே என்றேன். முகம் வாடிப்போய், ரோஜாவைக் கறுப்பில் போட்டால் எப்படியிருக்கும் என்று போனில் தேட ஆரம்பித்தாள்.

நான் இப்போது முழுக்கைச் சட்டைதான். காலையில் செம்பூரில் ஏறி ஜன்னல் சீட் கிடைத்தாலும், வலது கைப் பக்கம் வெயில் என்றால் விட்டுக்கொடுத்துவிட்டு நின்றுகொள்கிறேன்.