680 பிராங்கும் போச்சு, படங்களும் போச்சு: ஹார்டு டிஸ்க்கை ரிப்பேருக்குக் கொடுக்கப் போறவங்க படிங்க

வயிறு எரியுது. அதே சூட்டோட எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. என்னை மாதிரி இன்னொருத்தர் ஏமாறக் கூடாதுன்னு அஞ்சு விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நாங்க சுவிட்சர்லாந்து வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. இங்க எங்களுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் மலை நடைதான். பையனுக்கு வருஷம் 30 பிராங்க்ல ஒரு கார்டு வாங்கிட்டா, எங்க கூட வரும்போது ரயில்ல அவனுக்கு டிக்கெட் வேண்டாம். கோடையில சனிக்கிழமை விடிஞ்சா கிளம்பிடுவோம். ஆலெட்ச் பனியாற்றை முதல்ல பார்த்தப்ப "அம்மா, ரோடு போட்டிருக்காங்க"ன்னு கத்தினான். அது, மழையில நனைஞ்சது, பசு துரத்தினது எல்லாம் ஒரே 2 டிபி டிஸ்க்ல. கேமரா வீடியோக்களுக்கு வேற பிரதி கிடையாது. அது என் முட்டாள்தனம், ஒத்துக்கிறேன்.

அதுல ஒண்ணு எங்க அப்பா வீடியோ. 2019-ல வந்திருந்தார். மென்லிக்கன்ல இருந்து கிளைனே ஷைடெக் வரைக்கும் நடந்தோம். லேசான இறக்கம்தான், குழந்தை வண்டியே தள்ளிட்டுப் போறாங்க. இந்த ஊர் மஞ்சள் பலகையில தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். ஒன்றரை மணி நேரம்னு போட்டிருந்துச்சு. நாம உட்கார்ற நேரத்தை அவங்க கணக்குல சேர்க்கிறதில்ல, எங்களுக்கு மூணே கால் மணி ஆச்சு. அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டி, வீட்டுக்காரரோட ஷூவைப் போட்டுக்கிட்டு, எதிர்ல நிக்கிற ஐகர் சிகரத்தைப் பார்த்து, "இம்மாம் பெரிய மலை, மேல ஒரு கோயில் கூடவா கட்டல?"ன்னு கேட்பார். பின்னாடி மாட்டு மணிச் சத்தம். நாலு நிமிஷ வீடியோ.

ரெண்டு மாசம் முன்னாடி டிஸ்க் மேசையில இருந்து விழுந்துச்சு. சொருகினா டிக் டிக்னு சத்தம். மூணு தடவை சொருகிப் பார்த்தேன், அதுவும் தப்பு.

ஸ்டேஷன் பக்கத்துல போன், லேப்டாப் ரிப்பேர் பண்ற சின்னக் கடை ஒண்ணு. பேர் போடல. கடைக்காரர் தமிழ்ல பேசினார், அங்கதான் விழுந்தேன். டிஸ்க்கை ரெண்டு கையால வாங்கிக் காதுல வெச்சுக் கேட்டுட்டு, "உள்ள எல்லாம் பத்திரமா இருக்குக்கா, லேப்ல கொடுத்து எடுத்துரலாம்"னார். அப்பா கதையைச் சொன்னேன். "எங்க அப்பாவும் வேட்டிதான்க்கா"ன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமா இருந்துச்சு. பார்க்கிறதுக்கு 180, பார்ட்ஸுக்கு 500, அங்கேயே நின்னு போன்ல ட்விண்ட்ங்கிற பணம் அனுப்புற ஆப்ல அனுப்பினேன். ரசீது கேட்கவே இல்ல. தமிழாள்கிட்ட எப்படி ரசீது கேட்கிறதுன்னு கூச்சம்! 680 பிராங்க்.

அப்புறம் ஏழு வாரம். "பார்ட்ஸ் வரலக்கா." "லேப்ல லீவுக்கா." அப்புறம் மெசேஜைப் படிச்சுட்டுப் பதிலே இல்ல. நேர்ல போனா, தமிழ் தெரியாத பையன் ஒருத்தன் முதலாளி வெளியே போயிருக்கார்னு ஜெர்மன்ல சொன்னான். உள்ளே அவர் போன்ல பேசுற குரல் எனக்குத் தெளிவாக் கேட்குது. நேத்து ஒருவழியா டிஸ்க்கை நீட்டி, "ரொம்ப டேமேஜ்க்கா. காசு நாங்க பார்த்த வேலைக்கு, ரிசல்ட்டுக்கு இல்ல"ன்னார். 680-ல ஒரு பிராங்க் கூட திரும்பக் கிடையாது.

இன்னிக்குக் காலையில, டேட்டா மீட்கிறது மட்டுமே தொழிலா வெச்சிருக்கிற இடத்துக்குக் கொண்டு போனேன். அங்க வேலை பார்க்கிற பொண்ணு டிஸ்க்கைத் திருப்பிக் காட்டினா. லேபிள்ல ஒரு ஓட்டை, ஸ்டிக்கருக்கு அடியில இருக்கிற ஸ்குருவைக் கழட்டக் குத்தினது. மூலையில ஒரு ஸ்குருவே இல்ல. மூடியைத் திறந்தா உள்பக்கம் எண்ணெய் பிசுக்கோட ஒரு கட்டைவிரல் ரேகை! எந்த லேபுக்கும் போகல, கடை மேசையிலேயே திறந்திருக்காங்க. டேட்டா பதிஞ்சிருக்கிற தட்டு சுத்தும்போது, அதைப் படிக்கிற ஹெட் தட்டைத் தொடாம மயிரிழைக்கும் குறைவான இடைவெளியில மிதக்கணுமாம். தூசி போனா தீர்ந்தது. தட்டுல வட்டமா கீறல், வெறும் கண்ணுக்கே தெரியுது. விழுந்த உடனே இங்க வந்திருந்தா வாய்ப்பு இருந்திருக்கும்னு சொன்னப்ப அங்கேயே உட்கார்ந்துட்டேன்.

சொல்ல வந்தது: டிக் டிக் சத்தம் வந்தா திரும்பச் சொருகாதீங்க. போன் ரிப்பேர் கடையில கொடுக்காதீங்க. எந்த லேப், என்ன முகவரின்னு கேளுங்க, எடுக்க முடியலன்னா காசு உண்டா இல்லையான்னு எழுதி வாங்குங்க. இங்க 2,000 பிராங்க் வரைக்குமான வழக்குல, நாம கேட்டா சமரச அலுவலகமே தீர்ப்பு சொல்லலாம். அங்க போறேன், ஆனா என் கையில இருக்கிறது ட்விண்ட்ல 680 போனதுக்கான பதிவு மட்டும்தான். அஞ்சு விஷயம்னு ஆரம்பிச்சேன், மீதி ஞாபகம் வரல.

அப்பா ஞாயித்துக்கிழமை பேசும்போது, "அந்த மலை வீடியோவை அனுப்புறேன்னியே"ன்னு மறுபடியும் கேட்டார். ரிப்பேர்ல இருக்குப்பான்னு சொல்லி வெச்சிருக்கேன்.