விளாஸ்டோஸின் சோக்கிரட்டீஸ்: வாங்கலாம், பைண்டிங்கைப் பார்த்து வாங்குங்கள்

கிரேக்க மெய்யியல் ஆய்வாளர் கிரெகரி விளாஸ்டோஸ் சோக்கிரட்டீசைப் பற்றி எழுதிய 'சாக்ரட்டீஸ்: ஐரனிஸ்ட் அன்ட் மோரல் பிலோசபர்' பழைய பிரதி ஒன்று இணையத்தில் எடுத்தேன். மட்டக்களப்பில் கடைக்குப் போய்க் கேட்டு வாங்குகிற சாமான் இல்லை இது. விற்றவர் 'நல்ல நிலை' என்று போட்டிருந்தார், பார்சலைப் பிரித்து விரித்ததும் முதுகுப் பசை பொலபொலவென்று உதிர்ந்து நடுத்தாள்கள் கையோடு வந்துவிட்டன. டவுனில் நூல் போட்டுத் தைப்பித்த பிறகுதான் வாசிக்க முடிந்தது. எங்கள் மாரிக்கால ஈரத்துக்கு வெறும் பசை தாங்காது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? ஆள் 1907இல் இஸ்தான்புல்லில் பிறந்து, ஹார்வர்டில் மெய்யியலாளர் வைட்ஹெட்டிடம் படித்து, கனடாவில் படிப்பிக்கத் தொடங்கி, கோர்னெல், பிரின்ஸ்டன், பெர்க்லி என்று போனவர். 1950களிலேயே சோக்கிரட்டீசைப் பற்றி முழுப் புத்தகம் ஒன்று எழுதி, சரிவரவில்லை என்று தானே தூக்கி ஒதுக்கியவர். 1981இல் ஸ்கொட்லாந்தின் சென்ட் ஆன்ட்ரூசில் கிஃபர்ட் விரிவுரைகள் என்ற பேர்பெற்ற விரிவுரைத் தொடரைச் செய்தார், அதுவும் புத்தகமாக வர 1991 ஆனது, அதே வருடம் ஆளும் போய்விட்டார். பதவியுயர்வுக்குக் கட்டுரை எண்ணுகிற காலத்தில் இப்படியும் ஒருவர்!

சோக்கிரட்டீஸின் மாணவர் பிளேட்டோ எழுதிய உரையாடல்களில் வருகிற சோக்கிரட்டீஸ் ஒருவர் இல்லை, இரண்டு பேர் என்பது விளாஸ்டோஸின் வாதம். முதல்கால உரையாடல்களில் வருகிறவர் எப்படி வாழ்வது என்று மட்டும் கேட்டுக்கொண்டு தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறவர், 'குடியரசு' போன்றவற்றில் வருகிறவர் வடிவக் கொள்கை (கண்ணில் படுகிற பொருள்களுக்கு அப்பால் மாறாத வடிவங்கள் இருக்கின்றன என்பது) எல்லாம் பேசுகிற பிளேட்டோவின் வாய். பத்து வேறுபாடுகளை வரிசையாக வைத்து இதைக் காட்டுகிறார். எனக்கு முழுதாக ஒப்பவில்லை, எந்த உரையாடல் முதலில் எழுதப்பட்டது என்று அவ்வளவு திடமாகச் சொல்ல முடியுமா? ஆனால் நோட்ஸில் இரண்டையும் ஒரே குழம்பாக்கி மனப்பாடம் பண்ணினவர்களுக்கு இந்த வாதம் வருகிற அத்தியாயம் நல்ல மருந்து.

எல்லோரும் புகழ்கிற முதல் அத்தியாயத்தை விட எனக்குப் பிடித்தது ஏழாவது. அநியாயத்துக்குப் பதில் அநியாயம் செய்யக்கூடாது என்று பிளேட்டோவின் 'கிரிட்டோ' உரையாடலில் சிறையில் இருந்துகொண்டு சோக்கிரட்டீஸ் சொல்கிறார் அல்லவா, அது அந்தக் காலத்து ஏதென்ஸுக்கு எவ்வளவு புதிது என்று காட்ட மித்திலீன் கதையை எடுக்கிறார். ஏதென்ஸின் கீழ் இருந்த அந்த ஊர் கிளர்ச்சி செய்ததற்காக, கி.மு. 427இல் அங்கே வளர்ந்த ஆண்கள் எல்லோரையும் கொல்ல ஏதென்ஸ் சபை முடிவெடுத்துக் கப்பலும் போய்விட்டது, மறுநாள் மனம் மாறி இரண்டாவது கப்பல் விரைந்து போய் மட்டுமட்டாகத் தடுத்தது. சபையின் மனதை மாற்றியவர் கூட அந்த ஊர்க்காரர் பாவம் என்று வாதாடவில்லை, கொல்வது நமக்கு லாபமில்லை என்றுதான் சொன்னார். பழிக்குப் பழி எப்படியிருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புத்தகம் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் இந்த இடத்தில் நான் வாசிப்பை நிறுத்தி வைத்துவிட்டேன்.

குறை என்றால் அடிக்குறிப்பு. சில பக்கங்களில் பாதித் தாளை அதுவே தின்றுவிடுகிறது, கிரேக்க எழுத்தும் கண்ணைக் கட்டும். முக்கிய மேற்கோள்களுக்கு மொழிபெயர்ப்பு இருப்பதால் குறிப்பைத் தாண்டிப் போனாலும் வாதம் அறுந்துவிடாது. மெய்யியல் எடுத்த தம்பி தங்கச்சிமார் முதலில் 'கிரிட்டோ'வை வாசித்துவிட்டு நேரே ஏழாவதுக்குப் போங்கள், முன்னுரையையும் முதல் அத்தியாயத்தையும் அப்புறம் பார்க்கலாம்.