ஓஹையோ ஸ்டேட் – மிச்சிகன் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் இந்த இரண்டு பல்கலைக்கழக அணிகளும் நவம்பர் கடைசி சனிக்கிழமை மோதுகிற அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இது. ஒற்றைப்படை ஆண்டென்றால் மிச்சிகன் அணியின் ஊரான ஆன் ஆர்பர், இரட்டைப்படை என்றால் ஓஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸ். மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 இருக்கைகள், ஓஹையோ ஸ்டேடியத்தில் 1,02,780. லட்சம் பேர் உட்காரும் இடத்தில் நமக்கு ஒன்று கிடைக்காதா என்று தோன்றும். ஆனால் பெரும்பகுதி சீசன் டிக்கெட்காரர்களுக்கும், பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கொடுப்பவர்களுக்கும், மாணவர்களுக்கும் முன்னமே போய்விடும். வெளியிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் கைதான் வாங்க வேண்டியிருக்கிறது. ஏமாற்று நடப்பதும் அங்கேதான்.

ரொம்பப் பழைய வேலை, ஸ்க்ரீன்ஷாட். 'டிக்கெட் என் போனில் இருக்கிறது, பார்கோடைப் படம் பிடித்து அனுப்புகிறேன், ஸெல்லில் பணம் போடுங்கள்' என்பார்கள். ஸெல் (Zelle) என்பது வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பும் சேவை. இப்போது பெரிய மைதானங்களில் காகித டிக்கெட்டும் பிடிஎஃப்பும் ஏறக்குறைய ஒழிந்துவிட்டன. டிக்கெட் விற்பனை நிறுவனமான டிக்கெட்மாஸ்டர் 2019-ல் கொண்டுவந்த பார்கோடு சில விநாடிகளுக்கு ஒருமுறை தானாக மாறும். படத்தில் உறைந்துபோனது கேட்டில் செல்லாது. மாறாத பார்கோடு உள்ள இடங்களிலும் ஒரே படத்தை ஐந்து பேருக்கு விற்றிருப்பார்கள். முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே, மற்ற நான்கு பேர் வெளியே.

முறையான மாற்றம் நடக்கும் விதம் வேறு. விற்பவர் தன் கணக்கிலிருந்து உங்கள் மின்னஞ்சலுக்கு டிரான்ஸ்ஃபர் அனுப்புவார். நீங்கள் உள்ளே போய் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றதும் அவருடைய பார்கோடு செத்து, உங்கள் கணக்கில் புதிதாக ஒன்று பிறக்கும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'அனுப்பிவிட்டேன்' என்ற மின்னஞ்சல் வந்ததுமே பணத்தைப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஏற்கும்வரை அனுப்பியவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த மின்னஞ்சலே போலியாகவும் இருக்கலாம். அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், டிக்கெட் செயலியை நேராகத் திறந்து, ஆட்டம், தேதி, செக்ஷன், வரிசை, இருக்கை எண் ஐந்தும் உங்கள் பெயரில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். 'என் லாகினையே தருகிறேன்' என்பவரிடம் பேச்சே வேண்டாம். சனிக்கிழமை காலை கடவுச்சொல் மாறியிருக்கும்.

மாணவர் டிக்கெட் இன்னொரு குழி. விலை குறைவாக இருப்பதால், வாட்ஸ்அப் குழுவில் 'நம்ம பையன்தான் விற்கிறான்' என்று வரும்போது புதிதாக எம்.எஸ். படிக்க வந்தவர்களும், பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோரும் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். டிக்கெட் உண்மையானதாகவே இருக்கும். ஆனால் பல பல்கலைக்கழகங்களில் அந்த வாசலில் மாணவர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மாணவர் அல்லாதவர் போக வேண்டுமானால் முன்கூட்டியே கூடுதல் கட்டணம் கட்டிப் பொது டிக்கெட்டாக மாற்ற வேண்டும், அதற்குக் கெடுவும் உண்டு. சில இடங்களில் மாணவரிலிருந்து மாணவருக்கு மட்டுமே மாற்ற முடியும். விதி ஆண்டுக்காண்டு மாறும் என்பதால் அந்தந்தப் பல்கலைக்கழக டிக்கெட் அலுவலகத்தின் பக்கத்தைப் பார்த்துவிட்டே பேரம் பேசுங்கள்.

அடுத்தது, கையில் இல்லாத டிக்கெட். ஜூலையிலேயே 'செக்ஷன் உண்டு, இருக்கை எண் பிறகு, ஆட்டத்தன்று வந்து சேரும்' என்று பட்டியலில் இருக்கும். பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைத்து விலையும் வாங்கிவிடுகிறார்கள். ப்ரோக்கரின் கணக்கு எளிது: இன்று 400 டாலருக்கு விற்போம், நவம்பரில் 250-க்கு வாங்கிக் கொடுப்போம். இரண்டு அணியும் தோற்காமலே நவம்பருக்கு வந்துவிட்டால் விலை இறங்காது, ஏறும். அப்போது நஷ்டத்துக்கு வாங்கிக் கொடுப்பதைவிட உங்கள் பணத்தைத் திருப்பித் தருவது அவருக்கு மலிவு. 2015 பிப்ரவரியில் அரிசோனாவில் நடந்த சூப்பர் பவுல் எனும் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இப்படித்தான் விலை எகிறி, முன்பணம் கட்டியிருந்த பலர் ஊர்வரை போய் வெறுங்கையோடு நின்றார்கள். மேரிலாண்டும் மினசோட்டாவும் இந்த வகை விற்பனையைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன. எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை.

மறுவிற்பனைத் தளங்களின் 'நூறு சதவீத உத்தரவாதம்' என்பதை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். அந்த உத்தரவாதம் பொதுவாகப் பணத்துக்குத்தான். மாற்று இருக்கையா, பணமா என்பதைப் பெரும்பாலும் அவர்களே தீர்மானிப்பார்கள். விமானச் செலவும் விடுதி வாடகையும் அதில் வராது.

கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் தளங்களில், பல்கலைக்கழகத்தின் பெயரையும் நிறத்தையும் ஒட்டிக்கொண்டு 'பாக்ஸ் ஆபீஸ்' போல நடிப்பவை உண்டு. இப்படி அரங்குகளின் சொந்தத் தளம் போலத் தோன்றவைத்ததற்காக 2014-லேயே அமெரிக்க மத்திய வணிக ஆணையமான எஃப்.டி.சி.யும் கனெக்டிகட் மாநிலமும் வழக்குப் போட்டன. பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் தளத்திலிருந்து நுழைந்தால், அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பங்காளி யார் என்று அங்கேயே இருக்கும். இன்னொரு அடையாளம்: 2025 மே 12 முதல், கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்பது எஃப்.டி.சி. விதி. கடைசிப் பக்கத்தில் திடீரென்று 'சேவைக் கட்டணம்' முளைத்தால் அப்படியே மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

பணம் கட்டும் வழியில்தான் பாதி பாதுகாப்பு இருக்கிறது. ஸெல்லில் போனது போனதுதான். வென்மோ, பேபால் ஆகிய பணம் அனுப்பும் செயலிகளில் 'நண்பர்கள், குடும்பம்' என்று அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. 'பொருள், சேவை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான சிறு கட்டணத்தை நீங்களே தருவதாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுக்கிறவர் ஏன் மறுக்கிறார் என்பது தெரிந்துவிடும். நேரில் வாங்கினால் கையில காசு வாயில தோசை. டிரான்ஸ்ஃபரை அங்கேயே ஏற்றுக்கொண்டு, பிறகு கொடுங்கள். ஆனால் மைதானத்து வாசலில் வைத்துக்கொள்ளாதீர்கள். லட்சம் போன்கள் கூடும் இடத்தில் நெட்வொர்க் படுத்துவிடும், செயலி சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் நாளே முடித்து, ஆப்பிள் அல்லது கூகுள் வாலட்டில் சேர்த்துவிடுங்கள்.

கேட்டில் செல்லவில்லை என்றால் அங்குள்ள டிக்கெட் உதவிக் கவுன்டருக்குப் போங்கள். இருக்கை தர மாட்டார்கள். ஆனால் பார்கோடு ஏற்கெனவே ஸ்கேன் ஆனதா, ரத்தானதா என்று சொல்வார்கள். அதை அங்கேயே எழுதிவைத்துக்கொண்டு, ஆட்டம் முடிவதற்குள் விற்ற தளத்தை அழையுங்கள். மறுநாள் சொன்னால் 'அப்போதே ஏன் சொல்லவில்லை' என்று தட்டிக்கழிப்பார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் புகார் கொடுங்கள். சட்டப்படியான கெடு, அந்தத் தொகை வந்த பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள். ஆகஸ்டில் வாங்கிய டிக்கெட்டுக்கு நவம்பர் கடைசியில் அது தாண்டியிருக்கும். வங்கி அதைச் சொல்லி மறுத்தால் விட்டுவிடாதீர்கள். சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடும் வழி விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் உண்டு. ஆட்டத் தேதியைக் காட்டி அதன்படி எடுக்கச் சொல்லுங்கள்.