பழைய பித்தளை, வெண்கலம் எடுக்க வீட்டுக்கு வருகிறவர்கள்: 36,600 ரூபாய் போச்சு, குமரி மாவட்டத்துக்காரர்கள் கவனம்

வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களை ஒதுக்க நினைக்கிறவர்கள் வண்டியை வரச் சொல்லும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அருமனைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில், மச்சில் கிடந்த பாத்திரங்களை எடுக்க வந்த ஆக்கர் வியாபாரி (பழைய சாமான் வாங்குகிறவன்) 36,600 ரூபாயை அப்படியே விழுங்கிவிட்டான். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. பழைய சாமான் வாங்குகிறவர்களை வாசலுக்கே அனுப்பும் ஒரு போன் ஆப், அதன் வழியாக வந்தவன். அவ்வளவு போதும்.

இறங்கிய சரக்கு: செம்புக் குட்டுவம், பித்தளைச் சருவம், குடங்கள், கல்யாண வீட்டுக்குப் பாயசம் வைக்கிற அளவில் இரண்டு வெண்கல உருளி, கிண்டி, ரப்பர் பால் உறைய ஊற்றும் அலுமினிய டிஷ் ஒரு அடுக்கு, கொஞ்சம் இரும்பு, பேப்பர் கட்டு. துண்டுச் சீட்டில் அவன் எழுதியது: பித்தளை 42 கிலோ, 480 வீதம் 20,160. செம்பு 24 கிலோ, 720 வீதம் 17,280. மற்றதெல்லாம் சேர்த்து 4,160. ஆக 41,600. கையில் தந்தது 5,000. மீதி 36,600, "கடையில சரக்கு இறங்கின உடனே ஜிபே போட்டு விட்டிருவேன் சார்."

இதை எப்படி நம்பினார்கள் என்று கேட்பீர்கள். எடை போட்ட சாமான்களில் ஒரு குத்துவிளக்கும் இருந்தது. சீட்டில் 5.1 கிலோ என்று எழுதினான். பிறகு அவனே அந்த வரியை அடித்துவிட்டு விளக்கைத் தூக்கி அந்த வீட்டு அம்மாவிடம் நீட்டினான். "விளக்கு வீட்டை விட்டு எறங்கப்படாது அம்மா, உள்ள கொண்டு வையுங்க." அதோடு வீட்டில் இருந்த எல்லாருக்கும் மனசு இளகிவிட்டது. விளக்குக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறவனிடம் யார் போய் மீதிப் பணத்தை இப்பவே வை என்று கறாராகக் கேட்பார்கள்? டெம்போ கிளம்பிவிட்டது.

அப்புறம் ஆரம்பித்தது சாக்குப்போக்கு. முதலில் ஜிபே லிமிட் முடிஞ்சு போச்சு. பிறகு முதலாளி திருவனந்தபுரம் போயிருக்கார். பிறகு செம்புக்குள்ளே ஈயம் பூசியிருக்கு, ரேட்டு பாதிதான் வரும் என்று புதுக் கணக்கு. ஈயப்பூச்சு வெறும் மேல்பூச்சு. கிலோக் கணக்கில் கழிக்க அதில் ஒன்றுமே கிடையாது. ஆப்காரர்களைக் கூப்பிட்டால், "நாங்க இணைச்சு விடுறதோட சரி, பணம் உங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது." அதையே மூன்று பேர் மூன்று குரலில் சொன்னார்கள். இப்போது அந்த வியாபாரியின் போன் மணியடிக்கக்கூட இல்லை. 36,600 ரூபாய்!

அதைவிடக் கொதிப்பு எதில் தெரியுமா? வீட்டில் நின்ற அந்தக் குத்துவிளக்கை ஜங்ஷனில் ரப்பர் ஷீட் எடை போடும் கடைத் தராசில் வைத்தால் 6.3 கிலோ. அவன் தராசில் 5.1. ஒரே விளக்கில் 1.2 கிலோ காணோம். அப்படியானால் அந்த 41,600 ரூபாய்க் கணக்கே பொய்.

அவன் கொண்டு வந்த மாதிரி, கொக்கியில் சரக்கை மாட்டும் எலெக்ட்ரானிக் தூக்குத் தராசில் இது இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, டேர் பொத்தான். கனமான சங்கிலியையோ சாக்கையோ மாட்டி டேர் அழுத்தினால் திரை பூஜ்யம் காட்டும். பிறகு சங்கிலியை எடுத்துவிட்டுச் சரக்கை மட்டும் தூக்கினால், ஒவ்வொரு தூக்கிலும் சங்கிலியின் எடை அளவுக்குச் சரக்கு குறைவாகக் காட்டும். அதனால்தான் சிறு சிறு கட்டாகத் தூக்குவார்கள். கொக்கியில் ஒன்றுமே இல்லாதபோது திரையைப் பாருங்கள், மைனஸ் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு குடத்தைத் தனியாக, இன்னொன்றைத் தனியாக, பிறகு இரண்டையும் சேர்த்துத் தூக்கச் சொல்லுங்கள். சேர்த்துத் தூக்கிய எடை, தனித்தனி எடைகளைக் கூட்டி வருவதைவிடக் கூடுதலாக வந்தால் இந்த வேலைதான். இரண்டாவது, தராசையே கிலோவுக்கு இத்தனை கிராம் குறைவாகக் காட்டும்படி செட் பண்ணி வைப்பது. இதில் கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாகத்தான் வரும், எடை தெரிந்த ஒரு பொருள்தான் காட்டிக் கொடுக்கும். சீல் உடைக்காத சமையல் கேஸ் சிலிண்டர் போதும். அதன் மேலே காலி எடை எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வருவதுதான் தராசில் வர வேண்டும். இருநூறு முந்நூறு கிராம் முன்னே பின்னே இருக்கலாம், கிலோக் கணக்கில் குறைந்தால் விடாதீர்கள்.

அந்த 42 கிலோ பித்தளையில் இரண்டு உருளியும் சேர்த்தி. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது, வார்ப்பு வெண்கலத்தில் வெள்ளீயம் கணிசமாகவே இருக்கும். பித்தளையில் சேருவது துத்தநாகம், அது வெள்ளீயத்தைவிட எவ்வளவோ மலிவு. ஆக வெண்கலத்தைப் பித்தளை விலைக்குக் கொடுத்தால் அதுவே தனி நஷ்டம். விரலால் சுண்டிப் பாருங்கள்: வெண்கலம் நீளமாக ரீங்கரிக்கும், பித்தளைச் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். விளிம்பு நெளிந்திருந்தால் பித்தளை. வார்ப்பு வெண்கலம் நெளியாது, கீறல் விட்டு உடையும். இதைப் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்து வைத்த பிறகுதான் ஆளைக் கூப்பிட வேண்டும். பளபளப்பாகத் தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஓரத்தில் கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தால் நிறம் தெரிந்துவிடும்.

புகார் எங்கே என்று நிறையப் பேருக்குக் குழப்பம். 2019 நுகர்வோர் சட்டம் பொருள் வாங்குகிறவருக்கும் காசு கொடுத்துச் சேவை பெறுகிறவருக்கும்தான். நாம் விற்றவர்கள், அந்த வழி கடினம். பணத்துக்கு உள்ளூர் போலீஸ் ஸ்டேஷன், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு, ஏமாற்றுதல். தராசுக்குத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒரு தடவை சரிபார்த்து முத்திரை போட்டிருக்க வேண்டும், வந்தவன் தராசில் அது கண்ணில் படவே இல்லை.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. முழுப்பணம் கைக்கு வராமல் ஒரு கரண்டிகூட வண்டியில் ஏற்றாதீர்கள். வண்டி நம்பர், தராசுத் திரை, சீட்டு மூன்றையும் போட்டோ எடுங்கள், சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். பணம் அனுப்புகிறேன் என்று யுபிஐ பின் போடச் சொன்னால் அதுவும் திருட்டு, பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பேப்பர் கட்டை ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் முத்திரைத்தாள்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும், படிக்கத் தெரியாத பிள்ளைகள் குப்பை என்று போட்டுவிடுவார்கள். அதில் உங்கள் நிலத்தின் மூலப்பத்திரம் இருக்கலாம். குலசேகரம், திருவட்டாறு, களியக்காவிளைப் பக்கம் இதே மாதிரி தூக்குத் தராசோடு யாராவது வந்து விளக்கை மட்டும் திருப்பிக் கொடுத்தால், உடனே அந்த விளக்கை ரப்பர் கடையில் எடை போட்டுப் பாருங்கள், டெம்போவை அதுவரைக்கும் விடாதீர்கள்.