கையா, மோட்டாரா? சிறு ரீலோடிங் தொழிலுக்கு எந்த பிரஸ்?

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பி விற்கும் தொழிலில் இறங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "மணிக்கு எத்தனை தோட்டா வரும்?" என்றுதான். அந்தக் கணக்கை மட்டும் நம்பி பிரஸ், அதாவது கூட்டைச் சீராக்கித் தோட்டாவாகப் பூட்டும் இயந்திரம், வாங்குவது தப்பு.

சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரே ஒரு வேலை நடக்கும். மணிக்கு 50, மிஞ்சினால் 100. கைத்துப்பாக்கித் தோட்டா விற்க இது கட்டுப்படியாகாது. மருந்தை ஒவ்வொன்றாக எடை போட்டு நிரப்பும் ரைபிள் ஆர்டர்களுக்கு ஒன்று மூலையில் இருக்கட்டும்.

உண்மையான போட்டி, கையால் இழுக்கும் புரோகிரெசிவ் பிரஸ்ஸுக்கும் மோட்டார் பூட்டியதற்கும்தான். புரோகிரெசிவில் பல கூடுகள் ஒரே வட்டத் தட்டில், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிலையம் என்று சுற்றி வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா விழும். டில்லன் நிறுவனத்தின் எக்ஸ்எல் 750 பிரஸ் ஐந்து நிலையம் கொண்டது. அதே நிறுவனத்தின் ஆர்எல் 1100 எட்டு நிலையம். ராணுவக் கூடுகளில் பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) உட்காரும் குழியின் விளிம்பை இறுக்கி வைத்திருப்பார்களே, அதை அகற்றும் வேலையையும் அதுவே செய்துவிடும். மொத்தமாக வாங்கும் பலவகை கலந்த கூடுகளுக்கு இது பெரிய வரம்.

கையால் இழுப்பதன் பலம் கையில்தான் இருக்கிறது. .45 ஏசிபி என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்; ஆனால் சிலவற்றில் பெரிய பிரைமர் குழி, சிலவற்றில் சின்னது. சின்னக் குழியில் பெரிய பிரைமர் மோதும்போது கைப்பிடி முரண்டு பிடிக்கும். பழகிய கை அங்கேயே நின்றுவிடும். வம்படியாக அழுத்தினால் பிரைமர் வெடிக்கலாம். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. விசை அளவு மீறினால் நிற்கும் கிளட்ச் உண்டு, சரி. ஆனால் அதை எவ்வளவு இறுக்கி வைப்பது என்பது ஆள் தீர்மானிப்பது.

மருந்து விஷயம் இன்னும் நுட்பம். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா 1898-இல், கரும்புகை மருந்துக் காலத்து அளவில் உருவானது. நீளமான கூடு, இன்றைய மருந்தோ அடியில் துளி மட்டும். அதில் இரண்டு மடங்கு விழுந்தாலும் மேலே இடம் மிஞ்சும். விளக்கு சரியாக விழும்படி வைத்து எட்டிப் பார்த்தால்தான் தெரியும். மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான்: பிரைமரின் வேகத்தில் ரவை (தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டு) துப்பாக்கிக் குழாய்க்குள் பாதியில் சிக்கி நிற்க, அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழாயே பிளக்கலாம். கையால் இழுக்கிறவர் ஒவ்வொரு கூட்டையும் பார்க்க முடியும். மோட்டாரின் வேகத்தில் கண் ஓடாது, சென்சாரை நம்பித்தான் ஆக வேண்டும். அது பிழையின்றி வேலை செய்கிறதா என்று, வெற்றுக் கூட்டையும் மருந்து கூடுதலான கூட்டையும் வேண்டுமென்றே அனுப்பி, தினமும் காலையில் சோதிக்கிற பட்டறைகளைத்தான் நான் மதிக்கிறேன்.

மோட்டாருக்கு நியாயமும் உண்டு. மாலை நாலு மணிக்குத் தோள் சலித்த ஆள் இழுக்கும் இழுப்பும் காலை இழுப்பும் ஒன்றாக இருக்காது. இழுப்பு குறைந்தால் பிரைமர் முழுதாக உட்காராது, துப்பாக்கி சுடாமல் ஏமாற்றும். மோட்டாரின் வீச்சு எப்போதும் ஒரே அளவு.

ஆனால் சிறு பட்டறையில் நேரம் போவது பிரஸ்ஸில் இல்லை. கூட்டைத் தரம் பிரிப்பது, வெடிப்பு பார்ப்பது, முடிந்த தோட்டா துப்பாக்கிக்குள் சரியாகப் பொருந்துமா என்று ஒவ்வொன்றாகச் சேம்பர் கேஜ் என்ற அளவுக் கருவியில் போட்டு எடுப்பது, எந்த லாட் மருந்து எந்தப் பெட்டிக்குப் போனது என்று எழுதுவது: மோட்டார் வாங்கினாலும் இவை எதுவும் குறையாது. பிரஸ் வேகம் கூடினால் கேஜ் மேசையில் குவியல்தான் கூடும்.

அதனால் ஒற்றை ஆள் பட்டறைக்கு என் ஓட்டு, மருந்து அளவைச் சரிபார்க்கும் டை (நிலையத்தில் பொருத்தும் கருவி) உள்ள கைப் புரோகிரெசிவுக்கே. பரிசோதனைக்கென்று இரண்டாவது ஆள் வந்து, ஒரே அளவுத் தோட்டாவுக்கு நிலையான ஆர்டரும் இருந்தால், அப்புறம் அதே பிரஸ்ஸுக்கு மோட்டார் பூட்டலாம்.