பிடபிள்யூஏவா, ஸ்டோர் ஆப்பா? வெளியிட்ட பிறகு வரும் வேலையைப் பாருங்கள்

ஆர்டர் எடுப்பது, முன்பதிவு, பொருள் பட்டியல் போன்றவற்றுக்கு நாங்கள் பிடபிள்யூஏ (பிரவுசரில் ஓடும், ஆப் போல ஃபோனிலும் சேர்க்கக்கூடிய இணையதளம்) பக்கம்தான். அதைத் தேர்ந்து பராமரித்து வருபவர்கள் என்பதால் அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

இணைப்பைத் தொட்டால் திறக்கும், ஃபோனில் அதிக இடம் அடைக்காது, ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் ஒரே கோட். இவை எல்லோரும் அறிந்ததே. ஸ்டோரில் ஆப் வெளியிடும் கணக்குக்கான கூகுள் பிளேயின் 25 டாலரும் ஆப்பிளின் வருடத்துக்கு 99 டாலரும் முடிவை மாற்றும் தொகைகள் அல்ல.

முடிவை மாற்றுவது அப்டேட். ஸ்டோர் ஆப்பில் ஒரு பிழையைத் திருத்தினால் பில்டு (கோடை ஆப் ஃபைலாக்குவது), கையொப்பம், பரிசீலனை என்று மூன்று படி. அதற்குப் பிறகும் பயனர் அப்டேட் செய்தால்தான் உண்டு. ஸ்டோரேஜ் நிறைந்தவர்கள், ஆட்டோ அப்டேட்டை அணைத்தவர்கள் பல மாதம் பழைய பதிப்பிலேயே இருப்பார்கள். சர்வரில் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால் அவர்களுக்கு ஆர்டர் பக்கம் உடையும். ஆகவே பழைய ஏபிஐயையும் (ஆப் சர்வரோடு பேசும் வழி) உயிரோடு வைத்திருக்க வேண்டும், இல்லையேல் கட்டாய அப்டேட் திரையை முதல் பதிப்பிலேயே சேர்த்திருக்க வேண்டும். போதாததற்கு, பிளே ஸ்டோர் ஆண்டுதோறும் டார்கெட் ஏபிஐ அளவை (ஆப் எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்காக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை) உயர்த்துகிறது. ஆப்பில் ஒரு வரியும் மாறாவிட்டாலும் மறுபடி பில்டு செய்தாக வேண்டும். எழுதியவர் கைவிட்ட ஏதாவது ஒரு பிளகின் (ஆப்பில் சேர்த்த பிறரின் துணைக் கோட்) அப்போதுதான் மக்கர் செய்யும்.

பிடபிள்யூஏவில் ஃபைலை சர்வரில் ஏற்றினால் வேலை முடிந்தது என்பார்கள். பாதிதான் உண்மை. புதிய சர்வீஸ் வொர்க்கர் (பின்னணியில் ஓடி, தளத்தின் ஃபைல்களை ஃபோனில் சேமித்துத் தரும் ஸ்கிரிப்ட்) இறங்கியதும் காத்திருப்பு நிலைக்குப் போகும். பழையது ஓடும் பக்கங்கள் எல்லாம் மூடினால்தான் பொறுப்பேற்கும். ரிஃப்ரெஷ் செய்தால் போதாது. ஃபோனில் ஆப்பை முழுதாக மூடுபவர்கள் குறைவு என்பதால் பழசே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்கிப்வெயிட்டிங்கை (காத்திருக்காமல் உடனே பொறுப்பேற்கச் சொல்லும் கட்டளை) கண்ணை மூடிக்கொண்டு போடுவதும் ஆபத்து: திறந்திருக்கும் பழைய பக்கம் கேட்கும் ஸ்கிரிப்ட் துண்டைப் புதிய வொர்க்கர் கேஷிலிருந்து (ஃபோனில் சேமித்த நகல்களிலிருந்து) அழித்திருக்கும், திரை வெள்ளையாகிவிடும்.

சரியான வழி இது. "புதிய பதிப்பு தயார்" என்று ஒரு பட்டை காட்டுங்கள்; தொட்டதும் ஸ்கிப்வெயிட்டிங், பிறகு ஒரே ஒரு ரீலோடு. முந்தைய வெளியீட்டின் ஃபைல்களைச் சர்வரிலிருந்து உடனே நீக்க வேண்டாம். எச்டிஎம்எல்லுக்கு முதலில் நெட்வொர்க், ஹாஷ் பெயருள்ள (உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும்) ஸ்கிரிப்ட்களுக்கு முதலில் கேஷ். விலை, இருப்பு, கட்டணம் ஆகியவற்றைக் கேஷில் வைக்கவே கூடாது. வொர்க்கர் ஃபைலின் பெயரைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றாதீர்கள்: கேஷில் இருக்கும் பழைய பக்கம் பழைய பெயரையே பதிவு செய்துகொண்டிருக்கும், அந்த வட்டத்திலிருந்து பயனர் வெளியே வர முடியாது. கேஷை அழித்துத் தன்னையும் நீக்கிக்கொள்ளும் ஒரு வெற்று வொர்க்கரை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் அதே முகவரியில் அதை ஏற்றினால் போதும். இதையெல்லாம் ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிட்டால் ஸ்டோர் ஆப்பின் அப்டேட் தலைவலி கிட்டத்தட்ட இல்லை.

ஐஃபோனில் நிலைமை அவ்வளவு சுகமில்லை. புஷ் அறிவிப்பு 2023இல் வந்த ஐஓஎஸ் 16.4 முதல்தான், அதுவும் ஹோம் ஸ்கிரீனில் சேர்த்தவர்களுக்கு மட்டும். பயனர் ஒரு பட்டனைத் தொடும்போதுதான் அனுமதி கேட்க முடியும். நிறுவச் சொல்லும் பெட்டி தானாக வராது. ஷேர் பட்டனில் எதைத் தொட வேண்டும் என்று படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். ஹோம் ஸ்கிரீனில் சேர்க்காத தளத்தைப் பயனர் தொடாமல் சஃபாரியை ஏழு நாள் பயன்படுத்தினால், தளம் ஃபோனில் சேமித்தது அழிந்துவிடும். பேக்ரவுண்ட் சிங்க்கும் (இணைய இணைப்பு திரும்பியதும் பின்னணியில் அனுப்பும் வசதி) அங்கே இல்லை. ஆகவே அனுப்பாத ஆர்டரை இண்டெக்ஸ்டு டிபியில் (பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளம்) மட்டும் நம்பி வைக்காமல், ஆப் திறந்ததும் மறுபடி அனுப்பிப் பார்க்கும்படி எழுதுங்கள். புளூடூத் பிரிண்டர், என்எஃப்சி தேவையென்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டோர் ஆப்தான்.

பிளே ஸ்டோரிலும் இருந்தே தீர வேண்டுமென்றால் பபிள்ராப் என்ற கருவி கொண்டு பிடபிள்யூஏவையே டிடபிள்யூஏவாக (தளத்தை உள்ளே திறக்கும் ஆண்ட்ராய்டு ஆப் உறை) பொதியலாம். உறைக்கு டார்கெட் ஏபிஐ விதி உண்டு, ஆனால் உள்ளே இருப்பது தளமே. பொதிந்த பிறகு மேலே முகவரிப் பட்டை தெரிந்தால், பெரும்பாலும் அசெட்லிங்க்ஸ் ஃபைலில் (ஆப்பும் தளமும் ஒருவருடையதே என்று காட்டும் ஃபைல்) கூகுளின் கையொப்பச் சாவிக்குரிய கைரேகைக்கு (அடையாளக் குறியீடு) பதில் உங்கள் அப்லோடு சாவியுடையது இருக்கும். பிளே கன்சோலின் ஆப் சைனிங் பக்கத்தில் இருப்பதை எடுத்துப் போடுங்கள். ஆப்பிளிடம் இந்தக் குறுக்குவழியை நம்ப வேண்டாம். வெறும் தளத்தைப் பொதிந்து அனுப்பினால் பரிசீலனை விதி 4.2ஐ (ஆப் வெறும் இணையதளமாக மட்டும் இருக்கக் கூடாது என்பது) காட்டித் திருப்பிவிட வாய்ப்பு அதிகம்.