கோத்தகிரிப் பயணம்: அம்மாவின் ரத்தக்கட்டும் ஆரம்ப சுகாதார நிலையமும்

கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மா, இதயத் துடிப்பு சீராக இல்லாததால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். இந்த முறை டொராண்டோவிலிருந்து போனபோது அவர் முன்கையிலும் தொடையிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றியிருந்தது. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லையாம். "வயசானா தோல் இப்படித்தான், விடு" என்றார்.

விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த நர்ஸை எவ்வளவு பாராட்டினாலும் தகும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், நிறம் மறையவில்லை. தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருந்தால் அப்படித்தான் இருக்குமாம். "ஈறுல ரத்தம் வருதாம்மா? மலம் கறுப்பாப் போகுதா? கீழ விழுந்தீங்களா, தலைவலி இருக்கா?" என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம் மாத்திரைப் பையை வாங்கிக் கொட்டினார். முழங்கால் வலிக்கு ஒரு மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் அதில் இருந்தது. வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கடையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான். அந்த வலி மாத்திரை, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் வேலையைக் கெடுக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து பல மடங்கு.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை (எண் கூடினால் உறைவது தாமதம்) அங்கே இல்லை. குன்னூரில் கொடுத்துப் பார்த்தோம். அம்மாவுக்கு 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டியது 5-ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் இரண்டு மாத்திரையையும் நிறுத்தி, மறுநாளே திரும்பப் பார்க்கச் சொன்னார். அந்த எண் இறங்கிய பிறகு, அளவைக் குறைத்து வார்ஃபரினை மட்டும் மீண்டும் தொடங்கினார்.

நர்ஸ் இன்னொன்றும் சொன்னார். குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் கொத்தாக வந்து, அழுத்தியும் மறையாவிட்டால் பிளேட்லெட் குறைந்திருக்கலாம் (1.5 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும்). கூடவே காய்ச்சலும் இருந்தால் டெங்குவாகவோ ரத்தத்தில் பரவிய மூளைக்காய்ச்சல் கிருமியாகவோ இருக்கலாம், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆஸ்பிரின், ப்ரூஃபன் தரவே கூடாது.

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. விரல்நுனி ரத்தத்திலேயே ஐ.என்.ஆர். காட்டும் சின்னக் கருவிகளும் இருக்கின்றன. வீட்டுக்கு மாத்திரை கொண்டு வருபவர்களிடம் அதையும் கொடுத்து அனுப்பினால், மலைக்கிராமத்துப் பெரியவர்கள் இந்த ஒரு பரிசோதனைக்காகப் பஸ் ஏற வேண்டியிருக்காது.